பொதிகைக் கதையும் கும்மியும் பள்ளிப் பிள்ளைகளுக்கு: முழுமையான வழிகாட்டி

மலையடிவாரத்துப் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மலைக்கதையும் அதோடு ஒட்டிய ஒரு கும்மியும் சொல்லிக்கொடுக்கப் போகிற தன்னார்வலருக்கானது இது. பிள்ளைகள் 16 முதல் 24 பேர், வயது 10 முதல் 14 என்று கணக்கு. உதாரணத்துக்கு முத்துப்பட்டன் கதையை எடுத்திருக்கிறோம். பாபநாசம், அம்பாசமுத்திரம், கடையம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் அந்தப் பெயரை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் காலில் தொடங்குகிறார்கள். வந்ததும் வட்டமாக நிற்கவைத்து அடவு காட்டுவார்கள். பாட்டு தெரியாத பிள்ளைக்கு அடவு எங்கே முடிகிறது என்று தெரியாது, எனவே பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்தே ஆடும், அரை அடி பிந்தும். வாய், கை, கால், அதன்பிறகு கதை என்பதே சரியான வரிசை. கீழே எல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது.

1. கதையில் ஒரே ஒரு கட்டத்தை எடுங்கள்

வில்லுப்பாட்டுக் குழு கொடையில் (ஊர்க்கோயில் திருவிழாவில்) இரவெல்லாம் பாடுகிற கதை இது. 20 நிமிடத்தில் முழுவதையும் சொல்லப் போனால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். முன்கதையை ஐந்து வாக்கியத்தில் முடித்துவிட்டு ஒரு கட்டத்தில் நில்லுங்கள்.

பிள்ளைகளுக்குப் பொருந்துகிற கட்டங்கள் இரண்டு. பொம்மக்கா, திம்மக்காவை மணக்கக் கேட்டு வந்த பிராமண இளைஞன் முத்துப்பட்டனிடம் அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை (பகடை என்பது தோல் வேலை செய்யும் சாதியின் பெயர்) நிபந்தனை வைக்கிறான்: குடுமியையும் பூணூலையும் விட வேண்டும், தோல் வேலை பழகிச் செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும். இது முதல் கட்டம். கல்யாணத்து இரவில் மாட்டைக் களவாடிப் போய்விட்டார்கள் என்று சேதி வர, பட்டன் எழுந்து போவது இரண்டாவது. முதலாவதில் கைவேலை இருக்கிறது, அபிநயத்துக்குத் தோதானது. இரண்டாவதில் ஓட்டம் இருக்கிறது, கும்மிக்கு நேராக இணையும். முதல் முறை நடத்துகிறவர் இரண்டாவதை எடுப்பது நல்லது.

பட்டன் இறந்தபின் பெண்கள் இருவரும் தீயில் இறங்கும் பகுதியை இந்த வயதுக்கு எடுக்க வேண்டாம். யாராவது கேட்டால் மழுப்பாமல் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

சாதி இந்தக் கதையின் நடுமுதுகெலும்பு. அதை எடுத்துவிட்டால் வாலப்பகடையின் நிபந்தனைக்கு அர்த்தமே இல்லை. அந்தச் சகோதரிகளின் பிறப்பைப் பற்றி ஊருக்கு ஊர் வேறுவேறு பாடம் பாடுகிறார்கள். உங்களுக்குச் சொல்லித்தந்தவரின் பாடத்தைச் சொல்லுங்கள், "இதுதான் உண்மை" என்று அடித்துப் பேச வேண்டாம். தலைமையாசிரியரிடம் முந்தைய வாரமே கதையை முழுதாகச் சொல்லி வையுங்கள். எந்தப் பிள்ளையையும் எந்தப் பாத்திரத்துக்கும் நீங்களாகப் பெயர் சொல்லி நிறுத்தக் கூடாது. "நீ பகடையா நில்லு" என்று யதார்த்தமாகச் சொன்ன வார்த்தை, சாயங்காலம் தெருவில் வேறு வார்த்தையாகிவிடும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாத்திரத்தையும் சேர்ந்தே செய்யட்டும்.

2. பாடுகிறவரிடம் போய்க் கேளுங்கள்

கதையைத் தாளில் படித்துவிட்டு மேடையேறினால் எங்கே மூச்சு விடுவது என்று தெரியாது. வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவரிடம் குறைந்தது இரண்டு முறையாவது உட்கார வேண்டும். முதல் முறை கேட்க மட்டும். இரண்டாம் முறை நீங்கள் சொல்ல, அவர் திருத்த.

காலம் பார்த்துப் போங்கள். சித்திரை, வைகாசி, ஆடியில் கொடை நெருக்கம். இரவெல்லாம் பாடிவிட்டுப் பகலில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. செவ்வாய், வெள்ளியைத் தவிர்த்துவிடுங்கள். தையும் மாசியும் தோது.

"அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு ஒரு கட்டம் மட்டும் சொல்லணும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று தொடங்குங்கள். போனதுமே போனை எடுத்து ரெக்கார்டு போடுவது தப்பு. கேட்டு, அவர் சரி என்றபின் எடுங்கள். எதற்கு, யார் கேட்கப் போகிறார்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

அவரையே நிகழ்ச்சிக்கு அழைப்பதானால் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துத் தேதியை உறுதி செய்யுங்கள். "அரை மணி நேரம்தானே" என்று கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். அந்த அரை மணி நேரத்துக்காக அவருடைய ஒரு நாள் போகிறது, வாத்தியம் ஏற்றிவர வண்டி வேண்டும், உடன் வருகிறவர்களுக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை. போக்குவரத்தும் சாப்பாடும் கூலிக்கு வெளியே.

3. கோயிலோடு நிற்க வேண்டியவை

வரத்துப்பாட்டைப் பள்ளியில் பாடக் கூடாது. சாமியை அழைக்கிற பாட்டு அது. குடத்தின் வேகமும் உடுக்கையும் சேர்ந்தால் கூட்டத்தில் யாருக்காவது ஆட்டம் வந்துவிடும். பிள்ளைக்கு வந்தாலும் சரி, வேடிக்கை பார்க்க வந்த ஆச்சிக்கு வந்தாலும் சரி, இறக்கிவிட உங்களுக்குத் தெரியாது. தெரிந்த புலவர்கள் இதைத் தாங்களாகவே தவிர்ப்பார்கள். ஆர்வக்கோளாறில் ஆசிரியர்கள்தான் "அந்த வேகமான பாட்டைப் பாடுங்க" என்று கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கணியான் கூத்து திருநெல்வேலி மண்ணுக்கே உரியது. அண்ணாவி பாட, உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடப் பறை முழங்க, பெண்வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். அதைப் பிள்ளைகள் பார்க்கலாம், அண்ணாவியிடம் கேள்வி கேட்கலாம். அதில் வரும் கைவெட்டுச் சடங்கை மேடையில் நடித்துக்காட்டுவது மட்டும் கூடாது.

முண்டந்துறைக் காட்டுக்குள் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி பக்கம் வாழும் காணிக்காரர்களின் கொக்கரையும் இப்படித்தான். பல்வெட்டிய இரும்புக் குழாயைக் கம்பியால் உரசி ஒலியெழுப்பும் கருவி அது, நோய் தீர்க்கப் பாடும் சாற்றுப்பாட்டோடு சேர்ந்தது. பழைய குழாயில் ரம்பப் பல் வெட்டி "கொக்கரை மாதிரி" செய்து பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். காணிக்காரர் ஒருவர் தாமே வந்து காட்டச் சம்மதித்தால் நேரம், பேச்சு எல்லாம் அவர் விருப்பப்படி நடக்கட்டும்.

4. பொருள்கள்

அதிகம் வேண்டாம். வாய் குறுகிய மண்குடம் ஒன்று. அது அசையாமல் உட்கார வைக்கோல் பிரிமணை. குடத்தின் வாயில் அடிக்கக் கமுகம்பாளையால் செய்த பத்தி. பாளை கிடைக்காவிட்டால் பனையோலை விசிறியின் மட்டையை மடக்கிக் கட்டிக்கொள்ளலாம். ஒரு ஜோடி சிங்கி (சிறு தாளம்). நிஜ வில் பத்தடிக்கு மேல் போகும், வகுப்பறை வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு 5 அடி மூங்கில் பத்தையை வளைத்துக் கயிறு கட்டி, மாட்டுக்குக் கட்டுகிற சிறிய வெண்கல மணி நான்கைந்து கோத்தால் போதும்.

குடம் வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த குடம் கணீரென்று சொல்லும். கீறல் விட்டது "சட்" என்று செத்த ஒலி தரும், பத்து நிமிடம் அடித்தால் பிளந்துவிடும். எப்போதும் இரண்டு குடம் வாங்குங்கள். ஒன்று பஸ்ஸில் உடைவதற்கு.

உடுக்கை கொண்டுபோவதானால் ஈரக்காற்று நாளில் தோல் தொய்யும் என்பதை மறக்க வேண்டாம். வெயிலில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். வராந்தாவில் ஓலை கொளுத்திக் காய்ச்சுகிற வேலை பள்ளியில் வேண்டாம்.

மைக் தேவையில்லை. 24 பேருக்கு மைக் வைத்தால் பிள்ளைகள் பாடுவதை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

5. இடமும் நேரமும்

ஒரு பிள்ளைக்குச் சுற்றளவில் 3 அடி. 16 பேர் என்றால் 15 அடி விட்டம், 24 பேர் என்றால் 23 அடி. அதற்கு வெளியே சுற்றிலும் 3 அடி காலியாக விடுங்கள். 24-க்கு மேல் போனால் ஒரே வட்டத்தைப் பெரிதாக்காமல் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். பெரிய வட்டத்தில் எதிர்ப்பக்கத்துக் கைத்தட்டு பிந்தியே கேட்கும், தாளம் தானாக இழுபடும்.

வெறுங்காலில்தான் ஆட வேண்டும். நெருஞ்சியும் உடைமுள்ளும் இல்லாமல் முதல் நாளே பெருக்கி, அன்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீர் தெளித்து வையுங்கள். தெளித்த கையோடு ஆடினால் சேறு, வழுக்கும். சிமெண்ட் தளமானால் மாலை நாலு மணிக்கு முன்னால் கால் வைக்க முடியாது.

90 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: உட்கார்ந்து அறிமுகம் 10, பாட்டு 15, கை 15, கால் 20, தண்ணீர் 5, கதை 20, கடைசிக் கும்மி 5. நேரம் போதாவிட்டால் காலில் குறையுங்கள். பாட்டில் குறைத்தால் எல்லாம் குலையும்.

6. வாய்

எல்லோரும் தரையில் உட்காரட்டும். நின்றால் கால் பேச ஆரம்பித்துவிடும். பயிற்சிக்கென்றே கட்டிய நான்கு அடிகள் இவை:

மாட்டு மணிச்சத்தம் கேட்குதடி – மலை
மேட்டு வழியெங்கும் கேட்குதடி
ஓட்டி மறைந்தவன் ஆரடியோ – இந்தக்
காட்டு வழிசொல்ல வாருங்கடி

நீங்கள் ஓரடி, பிள்ளைகள் ஓரடி. மூன்று சுற்று. பிறகு நீங்கள் இரண்டடி, அவர்கள் இரண்டடி. தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம். தாள் கையில் இருந்தால் அடுத்த படியில் கை தட்ட முடியாது.

ஆண்பிள்ளைகள் "டி" போட்டுப் பாடக் கூச்சப்பட்டால் "கேட்குதம்மா", "வாருங்கம்மா" என்று மாற்றிக்கொள்ளுங்கள், சந்தம் கெடாது. கும்மி பொம்பளைப் பிள்ளைகள் ஆட்டம் என்று ஒதுங்குகிறவர்களைத் தனி வட்டமாக்காமல் இடையிடையே உட்காரவையுங்கள். தனி வட்டம் போட்டால் அது கேலி வட்டமாகிவிடும்.

சுருதியைத் தாழ்வாக எடுங்கள். பெரியவர்கள் தங்கள் குரலுக்கு எடுத்த சுருதியில் பிள்ளைகள் கத்துவார்கள், கால் மணி நேரத்தில் தொண்டை கட்டும்.

7. கை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு சீருக்கும் ஒரு தட்டு. "மாட்டு" ஒன்று, "மணிச்சத்தம்" இரண்டு, "கேட்குதடி" மூன்று, "மலை" நாலு. அடுத்த அடியில் "மேட்டு" ஐந்து, "வழியெங்கும்" ஆறு, "கேட்குதடி" ஏழு. எட்டாவது தட்டுக்குச் சொல் கிடையாது. வாய் சும்மா இருக்கும், கை மட்டும் தட்டும்.

அந்த எட்டாவது தட்டில்தான் எல்லோரும் விழுகிறார்கள். பாட்டு முடிந்ததே என்று கையையும் நிறுத்திவிட்டு நேரே "ஓட்டி" என்று தாவுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு விழுங்கப்பட, பாட்டு ஓட்டம் பிடிக்கும். நாலாவது சுற்றில் பாதிப் பேர் ஓரிடம், மீதிப் பேர் வேறிடம். இதைக் கவனிக்காத ஆசிரியர் "மெதுவா, மெதுவா" என்று கத்துவார். வேகத்தில் கோளாறு இல்லை, ஒரு தட்டு காணாமல் போயிருக்கிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எட்டாவது தட்டில் எல்லோரும் "ஹோய்" என்று சொல்லட்டும். காலி இடத்துக்குச் சொல் கிடைத்ததும் கை தானாக வந்துவிடும். பத்துச் சுற்று ஆனபின் "ஹோய்" சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து எடுத்துவிடுங்கள். சில குழுக்களில் பிள்ளைகள் விடமாட்டார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

குடத்தை இப்போதுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். தட்டு நிலைப்பதற்கு முன்னால் குடம் வந்தால் பிள்ளைகள் குடத்தைப் பின்தொடர்வார்கள், தாளம் அவர்கள் கையில் ஏறாது. 1, 5 இரண்டில் மட்டும் குடத்தை அடியுங்கள்.

தட்டுவதில் விரல் தட்டு, உள்ளங்கைத் தட்டு, குவித்த கைத்தட்டு என்று மூன்று ஒலி உண்டு. கும்மிக்குக் குவித்த கை நல்லது, சத்தம் கனமாக வரும், அரை மணி நேரம் தட்டினாலும் எரியாது. உள்ளங்கை சிவந்து ஊதிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பார்த்தால் கையை விரித்துத் தட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

8. கால்

எழுந்து வட்டமாக, நடுவைப் பார்த்து. கைகோத்தல் கிடையாது என்பதை ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் முன்பே சொல்லிவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

1: வலது கால் வலப்பக்கம், இடுப்பிலிருந்து குனிந்து முழங்கால் உயரத்தில் தட்டு.
2: இடது கால் சேர்த்து நிமிர்ந்து, நெஞ்சு உயரத்தில் தட்டு.
3, 4: அதே மறுபடியும்.
5: வலது கால் வட்டத்தின் உள்ளே, குனிந்து தட்டு.
6: இடது காலும் உள்ளே, நெஞ்சில் தட்டு.
7: வலது கால் பின்னால், குனிந்து தட்டு.
8: இடது கால் சேர்த்து, தலைக்கு மேல் தட்டு.

எட்டாவது தட்டைத் தலைக்கு மேல் வைத்ததற்குக் காரணம் உண்டு: அது விழுந்ததா இல்லையா என்று நீங்கள் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம்.

காட்டும்போது வட்டத்தின் நடுவில் நின்று காட்டாதீர்கள். எதிரில் நிற்கிற பிள்ளைக்கு உங்கள் வலது அதன் இடது. வட்டத்துக்குள் ஒரு பிள்ளையாக நின்று ஆடுங்கள். இரண்டு சுற்று ஆனதும் எதிர்ப்பக்கத்துக்கு இடம் மாறுங்கள். குழம்புகிறவர்களுக்கு வலது கணுக்காலில் ஒரு துணிக்கயிறு கட்டிவிட்டால் போதும்.

முதலில் பாட்டில்லாமல் எண் சொல்லி இரண்டு சுற்று, பிறகு பாட்டோடு. ஒரு பிள்ளை தொடர்ந்து பிந்தினால் காலை நிறுத்தச் சொல்லி நின்ற இடத்தில் கை மட்டும் தட்டவிடுங்கள். மூன்று சுற்றில் அது தானாகச் சேர்ந்துகொள்ளும். கையைப் பிடித்து இழுத்து ஆடவைப்பதால் ஒன்றும் நடக்காது.

வேகத்தைக் கடைசி ஐந்து நிமிடம் வரை கூட்ட வேண்டாம்.

9. கதை

தண்ணீர் குடித்து வேர்வை ஆறியபின் அரைவட்டமாக உட்காரட்டும். மூன்று பிள்ளைகளை உங்கள் இடப்பக்கம் வையுங்கள், அவர்கள் "ஆமா" போடுகிறவர்கள். மற்றவர்களும் சேரலாம், பொறுப்பு இந்த மூவருடையது.

வில்லுப்பாட்டில் காப்பு (கடவுள் வணக்கம்), வருபொருள் (பாடப்போவது என்ன என்று சொல்வது), குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் முடிந்துதான் கதை வரும், கடைசியில் வாழி (வாழ்த்து). 20 நிமிடத்தில் காப்புக்கு ஓரடி, குருவடிக்கு ஓரடி (யாரிடம் கற்றீர்களோ அவர் பெயர், அவர் சம்மதத்தோடு), நாட்டுவளத்துக்கு இரண்டு நிமிடம், கடைசியில் வாழி ஓரடி. நாட்டுவளத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்களையே அடுக்குங்கள்: பொதிகை, பாணதீர்த்தம், காரையாறு, தாமிரபரணி, பாபநாசம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "ஆமா". இதிலேயே அவர்களுக்கு ஆமா பழகிவிடும்.

கதை வாக்கியங்களை அரை மூச்சாக உடையுங்கள். "கல்யாணப் பந்தலில் விளக்கு எரியுது." ஆமா. "பட்டியில மாடு படுத்திருக்கு." ஆமா. "நடுச்சாமம் ஆயிப்போச்சு." ஆமா. நீண்ட வாக்கியம் சொன்னால் ஆமா போட இடம் இல்லை, பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்.

இதுவரை குடம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாடு களவுபோன சேதி வருகிற இடத்தில் குடத்தைச் சட்டென்று நிறுத்துங்கள். ஆமாவும் இல்லை. மூன்று எண்ணும் நேரம் மௌனம். பிறகு தாழ்ந்த குரலில் "மணிச்சத்தம் கேட்கலை" என்று ஒரே வரி. தொடக்கத்திலிருந்து பாடிய "மாட்டு மணிச்சத்தம் கேட்குதடி" அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும். புதியவர்கள் இந்த இடத்தில் குடத்தை வேகமாக அடித்துப் பரபரப்புக் காட்டுவார்கள். அது சினிமா.

பட்டன் களவாடியவர்களை வென்று, ஒளிந்திருந்த ஒருவன் கையால் சாகிறான் என்பதை இரண்டே வரியில் சொல்லி, அவன் பட்டவராயனாகச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் நிற்பதையும், பக்தர்கள் இன்றும் அவனுக்குத் தோல் செருப்பு காணிக்கை போடுவதையும் சொல்லி முடியுங்கள். அந்தச் செருப்புகள் நடந்து தேய்ந்ததுபோல் ஆகும் என்று நம்புகிறார்கள் என்றதும் கேள்விகள் வரும். வாழி பாடிவிட்டுப் பதில் சொல்லலாம். பிறகு எழுந்து கடைசிக் கும்மி.

10. கோயிலுக்குக் கூட்டிப்போவதானால்

சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும், பிளாஸ்டிக் உள்ளே விடமாட்டார்கள், நேரக் கட்டுப்பாடு உண்டு, சில நாட்களில் போகவே விடமாட்டார்கள். வனத்துறையிடம் முன்கூட்டிக் கேட்டு, கிளம்புகிற அன்று காலையும் ஒருமுறை கேளுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் குடில் போட்டுத் தங்குகிற கூட்டம், பிள்ளைகளோடு அப்போது வேண்டாம்.

ஆற்றில் இறங்கவிடாதீர்கள். மேலே காரையாறு அணை இருக்கிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறிவிடும்.

காணிக் குடியிருப்புகளை "பார்க்க"ப் போகிற திட்டத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அது அவர்கள் வீடு.

11. முடிந்த பிறகு

அன்றைக்கே இரண்டு வேலை. பிள்ளைகள் கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாத கேள்விகளை எழுதிக்கொண்டு புலவரிடம் கொண்டுபோங்கள், அடுத்த முறை சொல்ல உதவும். எடுத்த வீடியோவை முதலில் அவருக்கும் பள்ளிக்கும் காட்டுங்கள். பிள்ளைகள் முகம் தெரிகிற எதையும் பள்ளியின் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது.

குடத்தைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, பிரிமணைமேல் கவிழ்த்து வையுங்கள். யாராவது அதில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டால் மண் ஊறி ஒலி மங்கும், காய நாலைந்து நாள் ஆகும். "இது பாட்டுக் குடம்" என்று சுண்ணாம்பால் எழுதி வைப்பது நல்லது.